மடைக்காத்தாளின் ஒன்பதாம் பக்கம்

கூத்தையா தன் ஆயுளில் இரண்டே இரண்டு தடவைதான் கைநாட்டு வைத்திருக்கிறார். முதல் தடவை, மகள் செவ்வந்தியின் பெயரை ரேஷன் கார்டில் சேர்க்கச் சொல்லி. இரண்டாம் தடவை, அதே மகளின் முகத்தை ஒரு புத்தகத்திலிருந்து எடுக்கச் சொல்லி. முதல் கைநாட்டுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் பெயர் ஏறியது. இரண்டாவது பதினோரு மாதத்தில் பலித்துவிட்டது. நம் ஊரில் எந்தக் காகிதம் நடக்கும், எந்தக் காகிதம் ஓடும் என்று எவராலும் சொல்ல முடியாது.

புத்தகம் என்றால் பெரிய புத்தகம் ஒன்றுமில்லை. பதினாறு பக்கம், நடுவில் இரண்டு பின். ராமநாதபுரத்தில் பிள்ளைகள் படிப்புக்கென்று நடந்துவந்த ஓர் அமைப்பு, ‘நம்ம மாவட்டத்துப் பெரியவர்கள்’ என்று ஆறு படப்புத்தகங்கள் போட்டது. ஒரு ராஜா, ஒரு தளபதி, ஒரு புலவர், தோணியில் இலங்கைக்குப் போய்வந்த வணிகர் ஒருவர், புயலில் ஆட்களைக் கரைசேர்த்த தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர். ஆறாவதாக மருதன்வயல் மடைக்காத்தாள். மற்ற ஐந்து பேருக்கும் எங்காவது ஒரு பழைய படமோ சிலையோ கிடைத்தது. மடைக்காத்தாளுக்கு மட்டும் முகம் கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைக்கும்? திருவாடானைக்குக் கிழக்கே மருதன்வயல் கண்மாய்க்கரையில், மடைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் பீடம் இருக்கிறது. அதுதான் அவள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி அடைமழையில் கண்மாய் நிறைந்து, மடை பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தபோது ஒரு பெண் உள்ளே இறங்கினாள். வைக்கோல் புரியோடு தன் உடம்பையும் சேர்த்து வைத்து அடைத்தாள். விடிந்து பார்க்கையில் கரை இருந்தது, அவள் இல்லை. பெயர் என்ன, யார் வீட்டுப் பெண் என்பதெல்லாம் ஊருக்கு மறந்துபோய்விட்டது. நிலம் வைத்திருக்கிற மேலத்தெரு அவளைத் தங்கள் வீட்டுப் பெண் என்றது. நிலத்தில் வேலை செய்கிற கீழத்தெரு, சேற்றில் இறங்கியவள் எங்களவளாகத்தான் இருப்பாள் என்றது. இந்தச் சண்டை இருந்தாலும், மடை திறக்கும் நாளில் இரண்டு தெருவும் ஒரே பீடத்துக்குத்தான் பொங்கல் வைத்தன.

படம் வரைய வந்தவர் பெயர் வீரபத்திரன். ராமநாதபுரத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஐப்பசியில் பஸ் பிடித்து வந்து, இரண்டு நாள் கண்மாய்க்கரையில் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் புல்லுக்கட்டோடு வந்த செவ்வந்தியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவளுக்கு அப்போது பதினாறு வயது. இடது புருவத்தை வெட்டினாற்போல ஒரு தழும்பு இருந்தது, சின்னதில் ஆட்டுக்கொம்பு கிழித்தது.

கூத்தையா பக்கத்து வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். வீரபத்திரன் வரப்பில் நடந்துவந்து கேட்டார்.

“பாப்பாவ மடைகிட்டக் கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லட்டுமா? பார்த்து வரையணும்.”

“நிக்கட்டும்” என்றார் கூத்தையா. படத்தில் என்ன இருக்கிறது, தேய்ந்தா போகப் போகிறாள் என்று மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

செவ்வந்தி மார்பளவு தண்ணீரில் நின்றாள். கண்ணை மூடாமல் நில்லு, பயப்படாதவள் மாதிரி நில்லு என்று வீரபத்திரன் சொன்னதற்கு, “நான் தெனமும் குளிக்கிற தண்ணி சார், எனக்கு எதுக்குப் பயம்” என்று அவள் சிரித்தது வயல்வரைக்கும் கேட்டது. அன்று அந்த மனுஷன் நன்றாகவே வரைந்துவிட்டார். அதுதான் பிரச்சனை.

தை மாதம் புத்தகங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. ஆறு புத்தகத்திலும் ஐந்தைந்து பிரதி. மடைக்காத்தாள் புத்தகத்தின் மேலட்டையில் வெறும் கண்மாய்தான். உள்ளேயும் எல்லாப் பக்கத்திலும் அவள் முதுகு காட்டியோ, தூரத்தில் புள்ளியாகவோதான் இருந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் மட்டும், மார்பளவு தண்ணீரில், நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருவத்தில் தழும்போடு.

“அய்யா, நான் பொஸ்தகத்துல இருக்கேன்” என்று செவ்வந்தி களத்துக்கே ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் மறுபடி தலைநிமிர்ந்து போக அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கூத்தையா போய்ப் பார்த்தார். சந்தோஷமாகத்தான் பார்த்தார். பிறகு ராமலெட்சுமி டீச்சர் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்துக் காட்டினார். ‘விடிவதற்குள் அவள் உயிர் பிரிந்தது.’ அவர் புத்தகத்தை மூடி டீச்சர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். செவ்வந்தி அதைக் காதிலேயே வாங்கவில்லை. தன் மூக்கைப் பெரிதாக வரைந்துவிட்டதாகக் குறைபட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தோடு போயிருந்தால் அவரும் மறந்திருப்பார். ஊர்ப் பெண்கள் விடவில்லை. இத்தனை வருஷமாகச் செங்கல்லைக் கும்பிட்டோம், இப்போதுதான் ஆத்தா முகம் காட்டியிருக்கிறாள் என்று இரண்டு தெருப் பெண்களும் மத்தியானத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். ஒன்பதாம் பக்கத்தை விரித்துவைத்து, நெற்றியில் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரே வாரத்தில் நாலு பிரதிகள் சிவப்பாகிவிட்டன. செவ்வந்தி தெருவில் போனால், பாதி கேலியும் பாதி நிசமுமாக, “ஆத்தா வாரா, வழி விடுங்கடி” என்று ஒதுங்கினார்கள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது. கூத்தையாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் பொட்டு வைத்த படம் தொங்குகிறது என்றால், அந்த வீட்டில் ஒரு தலை குறைந்திருக்கிறது என்று அர்த்தம். உயிரோடு நடமாடுகிற பிள்ளைக்கு யாராவது படத்தில் பொட்டு வைப்பார்களா?

மனைவி ராக்குவிடம் இதைச் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போயிருக்கவில்லை.

“கண்ணு முன்னாடி பிள்ள நடந்து திரியுது. படத்துல என்னத்தப் பாக்குறது. போயி வேலையப் பாருங்க” என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலத்தெருச் செல்லச்சாமி அவரைக் கூப்பிட்டனுப்பினார். கூத்தையா வேலை செய்கிற வயல்கள் அவருடையவை. செல்லச்சாமிக்கு வேறு வருத்தம். தங்கள் வீட்டுப் பெண்ணை, ரவிக்கை இல்லாமல், கழுத்தில் ஒரு குண்டுமணி இல்லாமல், களையெடுக்கிறவள் மாதிரி வரைந்துவிட்டார்கள் என்று. ஏற்கெனவே அமைப்புக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு, இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் யாரும் ரவிக்கை போட்டதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்துவிட்டது. மனுஷனுக்குத் தாங்கவில்லை. இப்போது கையில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏலே கூத்தையா, ஒம் மகள படமா எழுதுனானே, ஒங்கிட்டக் கேட்டானா?”

“கேட்டாரு மொதலாளி. நிக்கச் சொல்லட்டுமான்னாரு.”

“நிக்கச் சொல்லட்டுமான்னுதான கேட்டான். செத்தவளா எழுதட்டுமான்னு கேட்டானா?”

கூத்தையா யோசித்தார். “அது கேக்கல.”

“பெறகென்ன. இன்னைக்குப் பொட்டு வைக்கிறாளுக, நாளைக்கு மாலை போடுவாளுக. பெத்தவன் நீ கேக்காம வேற எவன் கேப்பான். இங்கன வையி.”

நீல மையில் கட்டைவிரலை அழுத்தி அங்கே வைத்தார். செல்லச்சாமி மிரட்டினார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கூத்தையா தன் பயத்துக்குத்தான் வைத்தார். மகள் சாகக் கூடாது என்றுதான் வைத்தார். செவ்வந்தியிடம் சொல்லவில்லை, சொன்னால் அழுவாள். ராக்குவிடமும் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவாள். விரலிலிருந்த மையை வாய்க்காலில் வைக்கோலால் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மாசி போனது, பங்குனி போனது. பதிலும் இல்லை, ஆளும் வரவில்லை. ஒன்பதாம் பக்கம் அப்படியேதான் இருந்தது. பெண்களுக்கே பொட்டு வைத்து அலுத்துப்போய்விட்டது.

வைகாசியில் ஒரு நாள் காலை மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் படப்புக்குள் கைவிட்டாள் செவ்வந்தி. குனிந்தவளின் தாடையில் கண்ணாடிவிரியன் தீண்டிவிட்டது. மாட்டுவண்டியில் ரோடுவரைக்கும், அங்கிருந்து ஒரு வேனில் திருவாடானைக்கும் கொண்டுபோனார்கள். போய்ச்சேரும்போதே எல்லாம் முடிந்திருந்தது. திரும்பக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியபோது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. முகம் முழுக்க வீங்கி, கறுத்து, கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. அந்தப் பக்கத்தில் இறந்தவர்களை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். போட்டோக்காரரைக் கூட்டிவர ஆள் கிளம்பியபோது ராக்கு எழுந்து வந்து மறித்தாள்.

“இந்த மொகத்தையா சொவத்துல மாட்டப் போறீக? வேணாம். என் பிள்ள எங் கண்ணுக்குள்ள இருக்கா.”

செவ்வந்தியை யாரும் போட்டோ எடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எடுக்கிற வயசுக்கு முன்பே நின்றுவிட்டாள். கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்றிருந்தார்கள். ரேஷன் கார்டில் பெயர் மட்டும்தான் உண்டு.

ஆத்தா கூப்பிட்டுக்கொண்டாள் என்று ஊரில் பேசினார்கள். கூத்தையா அதை நம்பினார். தான் வைத்த ரேகை நேரத்துக்குப் போய்ச் சேராமல் பிள்ளை போய்விட்டாள் என்றும் நினைத்தார். கொஞ்ச நாளில் அந்த நினைப்பும் மங்கி, வேறொரு வாதை பிடித்துக்கொண்டது. கண்ணை மூடினால் கறுத்த முகம்தான் வந்தது. சிரிக்கிற முகத்தை, நெல் தூற்றுகிற முகத்தை, சண்டை போடுகிற முகத்தைக் கொண்டுவரப் பார்ப்பார். பாவாடை வரும், கை வளையல் வரும், குரல்கூட வரும். கழுத்துக்கு மேலே அந்த வீக்கம்தான் வந்து உட்காரும். பதினாறு வருஷம் பார்த்த முகத்தை ஒரே ஒரு நாள் பார்த்த முகம் தின்றுவிட்டது. பெற்றவனுக்கு இதைவிட அசிங்கம் ஏதும் இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆனி பிறந்து பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு மத்தியானம் வாசலில் போய் நின்றார். ராமலெட்சுமி டீச்சர் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அலமாரியைத் திறந்து, குங்குமம் படாத ஒரே பிரதியைத் தேடி எடுத்து, ஒன்பதாம் பக்கத்தை விரித்து அவர் கையில் கொடுத்தார்.

“இதுல பொட்டு இல்லண்ணே. இதப் பாருங்க.”

பார்த்தார். புருவத்துத் தழும்பு, கொஞ்சம் பெரிய மூக்கு, பயமில்லாத கண். மடியில் வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை பார்த்தார். அன்று இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்தார். அதன்பிறகு வாரத்தில் மூன்று நாளாவது, கஞ்சி குடித்த கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். பிள்ளைகள் பழகிவிட்டார்கள், அவருக்கு இடம் விட்டு உட்காருவார்கள். பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு மட்டும் கண்ணை மூடினால் சரியான முகம் வந்தது. இரண்டு நாள் போகாவிட்டால் கறுப்பு திரும்ப ஏறும்.

கல்யாணமாகாமல் போன பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். வருஷம் திரும்புகிற வைகாசியில் ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை தாவணி, வளையல், கண்ணாடி எல்லாம் வைத்துக் கும்பிட வேண்டும். அந்தப் பெட்டியில் இந்தப் பக்கத்தை வைக்க வேண்டும் என்பது கூத்தையாவின் ஒரே ஆசையாக ஆனது. ஒரு நாள் டீச்சரிடம் வாய்விட்டுக் கேட்டார்.

டீச்சர் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டார். “பங்குனியில அதிகாரி வந்து பார்ப்பாங்கண்ணே. அது முடியட்டும். சித்திரையில நானே எடுத்துத் தாரேன். கிழிஞ்சிருச்சுன்னு எழுதிக்கிறேன்.”

அவர் தலையாட்டினார். சித்திரைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் மடக்கிக்கொண்டே வரப்பில் நடந்தார். ரேகை வைத்த காகிதம் ஒன்று எங்கோ இருக்கிறது என்பது அவர் நினைப்பிலேயே இல்லை. பதில் வராத காகிதம் செத்த காகிதம் என்றுதான் நம் ஆட்கள் எல்லோரும் நினைக்கிறார்கள்.

தொண்ணூற்றேழு தை கடைசியில், நெல் அறுத்துக்கொண்டிருந்தபோது, நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரப்பில் ஓடிவந்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஜீப் வந்திருக்கிறதாம், டீச்சர் உடனே வரச் சொன்னாராம். கூத்தையா அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினார்.

வகுப்புக்குள் வேட்டியும் தோளில் ஒரு துணிப்பையுமாக ஒருவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பசைக் கிண்ணம், அச்சடித்த தாள்கள். டீச்சர் சுவரோரம் நின்று, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். கூத்தையா வாசலில் கால் வைத்தபோது அந்த மனிதர் ஐந்தாவது புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் புதுத் தாளை வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். மற்ற நாலும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“சார், ஒன்னு விடுங்க சார்” என்றார் கூத்தையா. மூச்சு வாங்கியது. “ஒன்னே ஒன்னு.”

“நீங்க யாருய்யா?”

“கூத்தையா சார்.”

அந்த மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து பசைக் கையோடே கும்பிட்டார். அமைப்பின் செயலாளராம், பெயர் பூமிநாதனாம். “மனுக் குடுத்தது நீங்கதானா? மன்னிக்கணும்யா. ரொம்பத் தாமதமாயிருச்சு. பெத்தவங்களக் கேக்காம ஒரு பொண்ணு மொகத்த அப்படிப் போட்டது எங்க தப்பு. கமிட்டியில அதப் படிச்சுட்டு எல்லாருமே தலைகுனிஞ்சுட்டோம். மத்த ஊருக்கெல்லாம் தபால்லதான் தாள் அனுப்புறோம். உங்க ஊருக்கு மட்டும் நானே நேர்ல வந்து ஒட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணினோம்.”

அந்த மனிதரிடம் துளி கெட்ட எண்ணம் கிடையாது. அதனால்தான் கூத்தையாவால் கத்தவும் முடியவில்லை. டீச்சர் கூத்தையாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மனு என்ற சொல் அவர் காதிலும் விழுந்துவிட்டது. எட்டு மாதமாக மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் அதை அழிக்கச் சொன்னவர் என்று தெரிந்ததும் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பிள்ள செத்துப்போச்சு சார்” என்றார் கூத்தையா. “வைகாசியில. வேற படம் இல்ல.”

பூமிநாதன் கையிலிருந்த பசை அப்படியே காய்ந்தது. பிறகு வேகவேகமாக ஒரு புத்தகத்தை எடுத்து நகத்தால் ஓரத்தை நெம்பினார். பசை பிடித்துவிட்டிருந்தது. ஆபீஸில் மிச்சமிருந்த பிரதிகள்? அதில் பழைய பக்கத்தைக் கிழித்து, யார் கண்ணிலும் படக் கூடாதென்று எரித்தாகிவிட்டது. மற்ற ஊர்களுக்குத் தாள் போய்ச்சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. “வீரபத்திரன் வரைஞ்ச மூலப்படம் இருக்கும்யா. என்னோட வாங்க, இப்பவே போவோம்” என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

பெயர்ப்பலகைக் கடையில் வீரபத்திரன் அந்த அட்டையை எடுத்துக் காட்டினார். தண்ணீர் அதே தண்ணீர். மடையும் அதே மடை. தண்ணீருக்கு மேலே சிவப்பு ரவிக்கையும் சங்கிலியும் காதில் தண்டட்டியுமாக வேறு யாரோ நின்றாள். முகத்தில் வெள்ளைச் சாயம் கனமாக ஏறியிருந்தது.

“அதே அட்டையிலதான் மாத்தி எழுதினேன். மொகத்த மாத்தி, மனுவுல கேட்ட மாதிரி ரவிக்கையும் நகையும் போட்டா போதும்னாங்க, புதுசா எதுக்கு எழுதணும்னு…” என்றார் வீரபத்திரன். “பென்சில்ல மறுபடி போட்டுப் பாக்கட்டுமா?” என்று அவரே தாளை எடுத்தார். இரண்டு கோடு இழுத்தார், நிறுத்தினார். ஒன்றேகால் வருஷத்தில் எத்தனையோ முகம் எழுதியாகிவிட்டது. “தழும்பு எந்தப் பக்கம், எடதா வலதா?” என்று கேட்டார். கூத்தையா எழுந்து வெளியே வந்துவிட்டார்.

பூமிநாதன் ஒட்டிய புத்தகங்களில் ஒன்றை அவரிடமே கொடுத்துவிட்டார், பொட்டு இல்லாத அந்தப் பிரதியை. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையில் செல்லச்சாமி எதிரே வந்தார். புத்தகத்தை வாங்கி ஒன்பதாம் பக்கத்தை விரித்துப் பார்த்தார்.

“பாத்தியா, இப்பத்தேன் லெச்சணமா இருக்கா.”

“ஆமா மொதலாளி” என்றார் கூத்தையா. வேறென்ன சொல்லுவார்?

மறுநாள் சினிமாச் சுவரொட்டியை நனைத்து உரிக்கிற மாதிரி ஈரத்துணியால் ஒரு மூலையை ஊறவைத்துப் பார்த்தார். மேல்தாள் வந்தது, கூடவே அடியிலிருந்த கண்மாய்த் தண்ணீரும் உரிந்து வந்தது. அதோடு விட்டுவிட்டார். உரித்தால் எதிரில் நிற்கிறவளும் போவாள், பின்னால் நிற்கிறவளும் போவாள். பிறகு, அடியில் இருக்கிற முகம் தெரிகிறதா என்று அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கப் பழகினார். கண்மாய்க்கரையில், களத்தில், மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், ராக்கு இல்லாத இடமாகப் பார்த்துப் பிடிப்பார். கறுத்த முகம் இப்போது பகலிலும் வந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. டீச்சர் வழியில் எதிர்ப்பட்டாலும் அவர் வாய்க்காலுக்குள் இறங்கி நடந்தார்.

வைகாசி வந்தது. கன்னி கும்பிடுகிற வெள்ளிக்கிழமை, பொழுது இன்னும் சாயவில்லை. ராக்கு ஓலைப்பெட்டியில் மஞ்சள் பாவாடையை மடித்துவைத்தாள், பச்சைத் தாவணி வைத்தாள், வளையலும் சாந்துப்பொட்டும் கைக்கண்ணாடியும் வைத்தாள். கூத்தையா புத்தகத்தை மூடியபடியே அதன்மேல் வைத்தார்.

“அந்தப் பக்கத்த விரிங்க” என்றாள் ராக்கு.

கூத்தையா புத்தகத்தின்மேல் கை வைத்தார். “ஒனக்கெதுக்கு? ஒனக்குத்தேன் கண்ணுக்குள்ள இருக்காளே.”

ராக்கு தாவணியின் மடிப்பைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தாள்.

“இல்ல” என்றாள். “அன்னைக்குக் கெடந்த மொகந்தேன் இருக்கு. ஒரு வருசமா அதேன். வேற ஒன்னும் வர மாட்டேங்குது. ஒங்களுக்காச்சும் பள்ளிக்கூடத்துல பிள்ள இருக்காளேன்னு நான் பேசாம கெடந்தேன். இன்னைக்கு எனக்குங் காட்டுங்க.”

வீட்டில் ஒருத்தியிடமாவது அந்த முகம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் கூத்தையா நம்பியிருந்தார். ஒன்பதாம் பக்கத்தை விரித்தார். ராக்கு குனிந்து பார்த்தாள். ரவிக்கையைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள்.

“இது ஆரு?”

“அடியில இருக்கா. மேல தாள ஒட்டிப்புட்டாக.”

“ஒட்டச் சொன்னது ஆரு?”

“நாந்தேன்.” கட்டைவிரலை அவளுக்கு முன்னால் நீட்டினார். “அவ உசிரோட இருக்கயில ரேகை வச்சேன். செத்தவ எடத்துல நம்ம பிள்ள மொகம் வேணாம், எடுத்துருங்கன்னு வச்சேன். அவ போயிட்டா, அது இப்ப வந்துருச்சு.”

அவள் அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால் தேவலை. ராக்கு புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நிலைப்படியில் நின்று, மேற்கே இறங்கிக்கொண்டிருந்த வெயிலில் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு புருஷன் எங்கெங்கே போய் எதைத் தூக்கிப் பிடிக்கிறான் என்பதெல்லாம் பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்காது. வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தழும்பு தெரியுதா?” என்று உள்ளேயிருந்து கேட்டார் கூத்தையா.

“தெரியுது” என்றாள் ராக்கு. “சிரிக்கிறா.”

திரும்பி வந்து புத்தகத்தைப் பாவாடைமேல் வைத்துப் பெட்டியை மூடினாள். கீழே விழுந்து கும்பிட்டாள். அவரையும் கும்பிடச் சொன்னாள். அவர் விழுந்தார்.

அந்தப் பக்கத்தை அவர் நூறு தடவையாவது வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும், பின்னால் பத்தாம் பக்கத்தில் இருக்கிற பனைமரம்தான் தெரியும்.